தளர்நடை: தண்டுவடக் காயமும் ‘செயல்’ என்ற சொல்லின் வரலாறும்

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையில் இரண்டு மொழிகள் ஒரே தெருவில் புழங்குகின்றன. கோட்டை வாயிலை அடுத்துத் தொடங்கும் சாலைக் கம்போளத்தில் தமிழ் வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கடை நடத்திவருகின்றன. சுமை இறக்குவோரின் பேச்சிலும் இரண்டு மொழிகளும் கலந்தே கிடக்கும். அங்கு மூட்டை தூக்கும் ஒருவர் சுமையோடு விழுந்து முதுகெலும்பு முறிந்தால், அந்தச் செய்தியை இரண்டு மொழி நாளிதழ்களும் இரண்டு விதமாக எழுதும். மலையாளத்தில் அவர் ‘அரைக்குத் தாழெ தளர்ந்ந’வர். தமிழில் ‘இடுப்புக்குக் கீழ் செயலிழந்த’வர்.

இந்த வேறுபாடு சிறியது போலத் தோன்றும். தமிழ்த் தொடர் ஓர் இழப்பை அறிவிக்கிறது. செயல் இருந்தது, இப்போது இல்லை. மலையாளத் தொடரில் உள்ள ‘தளர்’ என்னும் வினையடியோ தமிழுக்கும் பொதுவானது. தமிழில் வயலிலிருந்து திரும்புபவரும் தளர்ந்திருப்பார். மறுநாள் எழுந்து மீண்டும் போவார். அதற்கும் மேலாக, நடக்கப் பழகும் குழந்தையின் தள்ளாட்டத்துக்குத் தமிழ் வைத்த பெயர் ‘தளர்நடை’. பெரியாழ்வார் கண்ணனின் பிள்ளைப் பருவத்தைப் பாடுகையில் தளர்நடைக்கென்றே ஒரு பதிகம் ஒதுக்கியிருக்கிறார். ஆக, மலையாளத்தில் நடை போனதைச் சொல்லும் அதே வேர், தமிழில் நடை வருவதைச் சொல்கிறது. 

சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ வரலாறு எழுதிவிட முடியாது. அப்படி எழுதுவது மொழியியல் படித்தவர்களுக்கு எளிதில் தொற்றும் நோய். ஆயினும் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் தண்டுவட மறுவாழ்வு மருத்துவத்தில் நிகழ்ந்த பெரிய விவாதம் இந்த இரண்டு தொடர்களுக்கும் இடையில்தான் நடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. காயத்துக்குக் கீழே உள்ள உடல் செயலை இழந்துவிட்டதா, அல்லது தளர்ந்து கிடக்கிறதா? இழந்துவிட்டது என்றால் எஞ்சியதைக் கொண்டு வாழக் கற்பிக்க வேண்டும். தளர்ந்து கிடக்கிறது என்றால் குழந்தைக்கு நடை பழக்குவதுபோல அதற்கு மீண்டும் மீண்டும் செயலைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ‘செயல்வழி மறுவாழ்வு’ என்று இன்று அழைக்கப்படுவது இந்த இரண்டாவது விடையிலிருந்து பிறந்தது. ஆனால் அந்தப் பெயர் வருவதற்கு முன்பே, முதல் விடையை ஏற்றுக்கொண்டவர்களும் செயலைத்தான் மருந்தாகக் கொடுத்தார்கள். அவர்கள் ‘செயல்’ என்று கருதியது வேறொன்று. 

மிகப் பழைய சான்று எகிப்தில் கிடைத்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ். 48 நோயாளிகளின் நிலையை வரிசையாகப் பதிவுசெய்யும் அந்த ஏடு, கழுத்தெலும்பு இடம்பெயர்ந்து கைகால் உணர்வு அற்றவரைச் சிகிச்சைக்கு அப்பாற்பட்டவர் என வகுக்கிறது. அந்தத் தீர்ப்பு கிட்டத்தட்ட முதல் உலகப்போர் வரை மாறவில்லை. அப்போரில் தண்டுவடம் அறுபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலேயே மாண்டனர். அவர்களைக் கொன்றவை தண்டுவடக் காயத்தின் பின்விளைவுகளான படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். இதை உணர்ந்து மருத்துவமனையின் அன்றாட ஒழுங்கையே மாற்றியமைத்தவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து 1939-இல் இங்கிலாந்துக்குத் தப்பிவந்த இந்த யூத நரம்பியல் மருத்துவரிடம் 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் தண்டுவடக் காயப் பிரிவு ஒப்படைக்கப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப்பையைத் தூய்மையாகப் பேணுவது, பிறகு எழுப்பி உட்காரவைத்து வேலை கொடுப்பது என்பதே அவருடைய முறை. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லெய்தனர். பாராலிம்பிக்கின் வித்து அது. அதன் ஒரு கிளை இந்தியாவுக்கும் நீண்டது: 1965 போரில் குண்டடிபட்டு முதுகெலும்பு பாதிக்கப்பட்ட படைவீரர் முரளிகாந்த் பேட்கர் 1972-இல் ஹைடெல்பர்க் போட்டியின் 50 மீட்டர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். 

குட்மனின் ‘செயல்’ தோளுக்கும் கைக்கும் உரியது. கால்கள் போய்விட்டன என்ற முடிவை அவர் ஏற்றுக்கொண்டார். அதற்குமேல் உடல் என்னவெல்லாம் செய்யும் என்பதே அவர் கேள்வி.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு விடை தேடிய இடம் வேலூர். அங்கு அது தண்டுவட மருத்துவமாகத் தொடங்கவில்லை என்பது பலரும் கவனிக்காமல் விடும் செய்தி. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். செயலற்ற தசையின் வேலையைச் செய்ய, நல்ல நிலையில் உள்ள வேறொரு தசையின் நாணைக் கொண்டுபோய் இணைப்பது அந்த முறை. அறுவை முடிந்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். இதுவரை மணிக்கட்டை அசைத்த தசை இனி விரலை அசைக்க வேண்டும். அந்தப் புதிய பொறுப்பை மூளை கற்றாக வேண்டும். கற்பிப்பதற்கு ஒரே வழி விரலுக்கு வேலை கொடுப்பது. இப்படிச் சீரான கைகளோடு ஊர் திரும்பியவர்களுக்கு அங்கே யாரும் வேலை தரவில்லை. ஆகவே 1950-களின் தொடக்கத்தில் ‘நவஜீவ நிலையம்’ எழுந்தது. நோயாளிகள் அங்கே குடிசைகளில் தங்கி மரவேலை கற்றார்கள். தச்சுப் பட்டறையே உடற்பயிற்சிக் கூடமாகவும் பிழைப்புக்கு வழியாகவும் இருந்தது. செயலின் இரண்டு பொருள்களும், அதாவது நரம்புக்குப் பயிற்சியும் மனிதனுக்கு வாழ்வும், பிரிக்கப்படாமல் ஓரிடத்தில் இருந்த அரிய தருணம் அது.

அந்தத் தருணத்தில்தான் மேரி வர்கீஸ் வருகிறார். கொச்சிப் பகுதியில் 1925-இல் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்றவர். பெண் நோய் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற எண்ணியிருந்தார். 1954 ஜனவரியில் இளம் மருத்துவர்கள் சிலர் உல்லாசப் பயணமாகச் சென்ற வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகம் சிதைந்தது. தண்டுவடம் காயமுற்று இரண்டு கால்களும் மீளாமற் போயின. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. கால் போன மருத்துவருக்கு அன்றைய இந்தியாவில் இருந்த வழி ஒன்றுதான்: வீட்டுக்குத் திரும்புவது. பால் பிராண்ட் வேறொன்றைச் சொன்னார். கை அறுவையை நின்றுகொண்டு செய்ய வேண்டியதில்லை. அறுவையாளர் உட்கார்ந்தே செய்வதுதான் அதில் வழக்கம். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யத் தொடங்கினார்.

இந்தக் காட்சியை உருக்கமான ஒரு கதையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். டோரதி கிளார்க் வில்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு 1963-இலேயே வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்டது. அதன் பின் வந்த எழுத்துகள் பெரும்பாலும் அந்த உருக்கத்திலேயே தங்கிவிட்டன. வரலாற்று நோக்கில் பார்த்தால் முக்கியமானது வேறு. நோயாளியும் மருத்துவரும் ஒரே உடலில் இருந்ததால் மேரி வர்கீஸுக்கு ஒரு செய்தி நேரடியாகத் தெரிந்தது: உயிர் காத்த மருத்துவமனைக்கும் வாழ வேண்டிய வீட்டுக்கும் நடுவே ஓர் இடம் இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அவர் சென்றது அறுவைக்காக அல்ல. தானாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், தானாகக் குளிக்கவும் உடுத்தவும் கற்றுக்கொள்ளத்தான். மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் அதைக் கற்க ஒரு கடலைக் கடக்க வேண்டியிருந்தது. பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்று 1962-இல் வேலூர் திரும்பினார். அடுத்த ஆண்டு அத்துறையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1966-இல் நகருக்கு வெளியே பாகாயத்தில் தண்டுவடக் காயமுற்றோர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்திய அளவில் அது ஒரு முன்னோடி. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 1986-இல் காலமானார். இன்று அந்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நியூயார்க்கிலோ பெர்த்திலோ கற்ற பாடத்தை அப்படியே பாகாயத்தில் நடத்த முடியாது. அங்கே கற்பித்த அன்றாடச் செயல்கள் கட்டில், நாற்காலி, மேசை, குளியல் தொட்டி ஆகியவற்றைச் சுற்றியவை. இங்கே பாய் தரையில் விரிகிறது, சோறு தரையில் பரிமாறப்படுகிறது, கழிப்பறை இருந்தால் அது குந்தி அமரும் வகை, வாசலில் படி, வாசலுக்கு வெளியே மணல். ஆகவே தரையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து தரைக்கும் உடலைத் தூக்கிக்கொள்ளும் திறன், மேலைநாட்டுப் பாடநூலில் ஓரத்தில் இருக்கும் ஒன்று, இங்கே நடுவுக்கு வந்துவிடுகிறது. காலில் காலிப்பர் பூட்டி, ஊன்றுகோலில் சாய்ந்து உடலை வீசி நடக்கும் நடையும் அப்படித்தான். சக்கரம் உருளாத வரப்பில் அதுவே வழி. ஆனால் அந்த நடையில் எடையைச் சுமப்பது கைகள். கால் ஒரு தூண் மட்டுமே. இந்த ஒரு குறிப்பு பின்னால் பெரிதாகும்.

தமிழில் இத்துறையின் பெயர்களும் கவனிக்கத்தக்கவை. பிசியோதெரபி ‘இயன்முறை மருத்துவம்’ ஆயிற்று. ஆக்குபேஷனல் தெரபி ‘செயல்முறை மருத்துவம்’ ஆயிற்று. ‘இயல்’ என்பதில் உடல் தன்னியல்பில் அசைவது இருக்கிறது. ‘செயல்’ என்பதிலோ ஒருவர் நோக்கத்தோடு ஒன்றைச் செய்வது இருக்கிறது. இரண்டையும் வேறு வேறு அறைகளில் வைத்தது மேலைநாட்டுத் துறைப் பிரிவுதான். தமிழ் அதற்குப் பெயர் மட்டும் சூட்டியது.

வேலூருக்கு அடுத்து இந்த வரலாறு நகரும் இடம் கிழக்கேகோட்டைக்குச் சற்று நெருக்கமானது. திருவனந்தபுரத்திலிருந்து வடகிழக்காகச் செல்லும் சாலை தென்மலை, ஆரியங்காவு வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து செங்கோட்டையில் இறங்குகிறது. செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை திருவிதாங்கூர் ஆட்சிப் பரப்பில் இருந்தது. அதே வட்டாரத்தில், தென்காசிக்கு அருகே உள்ளது ஆய்க்குடி. அந்த ஊரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்றிறன் சோதனையில் கீழே விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து நான்கு உறுப்புகளும் செயலிழந்தன. புனே படைத்துறை மருத்துவமனையில் அவரைப் பார்த்துக்கொண்ட விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவருடைய உடலைவிட மனத்துக்கு அதிகம் பயிற்சி கொடுத்தார் போலும். ஆறு ஆண்டுகளுக்குப் பின், அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டான 1981-இல், இராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் தொடங்கிய அமைப்புக்கு அந்த மருத்துவரின் பெயரையே வைத்தார்: அமர் சேவா சங்கம். 1992-இல் தசைச் சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் உடன் சேர்ந்தார். இரண்டு சக்கர நாற்காலிகளிலிருந்து நடத்தப்பட்ட அந்த அமைப்பு பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி, தண்டுவடக் காயமுற்றோருக்கான தங்கும் பயிற்சி என விரிந்து சுற்றுவட்டார ஊர்களுக்குள் சென்றது. இராமகிருஷ்ணனுக்கு 2020-ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவரின் ‘செயல்’ எது? குட்மனின் விடை இங்கே போதாது. வில்லெய்யக் கை வேண்டும். ஆய்க்குடியின் விடை, செயலை உறுப்பிலிருந்து பிரித்துவிடுவது. ஊர்ப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது செயல், ஒரு நிறுவனத்தை நடத்துவது செயல். இதை மருத்துவ இதழ்கள் மறுவாழ்வு முறை என்று பதிவுசெய்யவில்லை. ஆயினும் இந்த நிலப்பரப்பில் தண்டுவடக் காயத்தின் வரலாற்றை எழுதுபவர் அதை விட்டுவிட்டு எழுத இயலாது.

இதற்கிடையில், முற்றிலும் வேறான ஓர் ஓடை ஆய்வுக்கூடங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 1911-இல் தாமஸ் கிரஹாம் பிரவுன், ஷெரிங்டனின் லிவர்பூல் ஆய்வுக்கூடத்தில், மூளையின் கட்டளையும் காலிலிருந்து வரும் உணர்வும் துண்டிக்கப்பட்ட பூனையின் தண்டுவடம் தானாகவே நடையின் தாளத்தை எழுப்புவதைக் காட்டினார். மடக்கும் தசை, நீட்டும் தசை என மாறி மாறி இயக்கும் சுற்று தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது. பல பத்தாண்டுகள் அந்தச் செய்தி பெரிதாகக் கொள்ளப்படவில்லை. 1987-இல் மான்ட்ரியலில் பார்போவும் ரோசிஞோலும் தண்டுவடம் அறுக்கப்பட்ட வளர்ந்த பூனைகளை டிரெட்மில்லில் நாள்தோறும் பழக்கியபோது அவற்றின் பின்கால்கள் மீண்டும் உடல் எடையைத் தாங்கி அடியெடுத்தன. காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடத்தால் கற்றுக்கொள்ள முடியும் என்பதே அதன் பொருள்.

அதை மனிதரிடம் கொண்டுவந்த முறை ஏறக்குறையத் தளர்நடை பழக்கும் முறையேதான். நோயாளியின் உடலில் கச்சை பூட்டி மேலிருந்து தொங்கவிட்டு எடையில் ஒரு பகுதியைக் குறைப்பார்கள். கீழே டிரெட்மில் ஓடும். இருபுறமும் அமர்ந்த பயிற்சியாளர்கள் கால்களைப் பற்றி அடியெடுக்க வைப்பார்கள். இன்னொருவர் பின்னிருந்து இடுப்பைத் தாங்குவார். இதில் எந்த அசைவும் தற்செயலானதல்ல. உள்ளங்காலில் எடை விழுவதும், அடியின் இறுதியில் தொடை பின்னோக்கி நீள்வதும் தண்டுவடத்துக்குச் செய்திகள். தொடை நீண்டதும் ‘இனி இந்தக் காலைத் தூக்கு’ என்று அது புரிந்துகொள்கிறது. ஆகவே எடை காலில் விழ வேண்டும். கைப்பிடியில் சாயக் கூடாது. வேலூரின் காலிப்பர் நடையும் ஸ்டோக் மாண்டவிலின் தோள்வலிமையும் இங்கே நேர்எதிராகத் திரும்பிவிடுகின்றன. ஐம்பது ஆண்டுகளாக ‘கையால் தாங்கு’ என்று சொன்ன மருத்துவம் ‘கையை எடு’ என்று சொல்லத் தொடங்கியது. இவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் ஒரு தலைமுறைக்குள் நடந்தது.

1992-இல் ஜெர்மனியின் அன்டன் வெர்னிக் குழு, தண்டுவடம் முழுமையாக அறுபடாத நோயாளிகள் இப்பயிற்சியால் நடையில் முன்னேறியதை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஒரு விபத்து இத்துறைக்கு உலகப் புகழைக் கொண்டுவந்தது. ‘சூப்பர்மேன்’ படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இரண்டாண்டுகளில் வராத அசைவு இனி வராது என்பது அன்றைய மருத்துவ மரபு. ரீவோ ஐந்தாண்டுகள் கழித்து விரலை அசைத்தார். மின்தூண்டலால் கால் மிதிக்கும் மிதிவண்டியும் நீர்ப்பயிற்சியும் கொண்ட திட்டத்தை அவருக்கு வகுத்த ஜான் மெக்டொனால்ட் 2002-இல் அந்த முடிவை வெளியிட்டபோது, செயலை அடிப்படையாகக் கொண்ட மீட்பு என்ற கருத்து பொதுவெளிக்கு வந்தது. ரீவ் நடக்கவில்லை, சுவாசக் கருவியிலிருந்து முழுமையாக விடுபடவும் இல்லை. நோய்த்தொற்றுகள் குறைந்தன, எலும்பு வலுப்பெற்றது, தொடுவுணர்வு ஓரளவு திரும்பியது. 2004-இல் மறைந்தார். 

நம்பிக்கை சூடேறிய இடத்தில் சோதனையும் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 146 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு டிரெட்மில் பயிற்சியும் மற்றொன்றுக்குத் தரையில் வழக்கமான நடைப்பயிற்சியும் 12 வாரங்கள் தந்து ஒப்பிட்டார்கள். 2006-இல் வெளிவந்த முடிவு ஆர்வலர்களைத் திகைக்க வைத்தது: இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் காயம் முழுமையாகாதவர்கள் இரண்டு குழுக்களிலும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நடந்தார்கள். இதை டிரெட்மில்லின் தோல்வி என்று படித்தவர்கள் உண்டு. இன்னொரு வாசிப்பே பொருத்தமாகத் தோன்றுகிறது. முன்கூட்டியே தொடங்கி, போதுமான மணி நேரம், காலில் எடை விழும்படி பயிற்சி கொடுத்தால், பொறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடல் ஏற்றுக்கொள்கிறது.

அந்த மணி நேரத்தின் அளவைப் பின்வந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. 2011-இல் சூசன் ஹார்க்கெமா குழு, கால்கள் முழுதும் செயலிழந்த இளைஞர் ஒருவரின் தண்டுவட உறையின்மேல் மின்முனைகளைப் பொருத்தி, தூண்டலின்போது அவர் தம் எடையைத் தாங்கி நிற்க முடிந்ததை வெளியிட்டது. அதற்கு முன் அவர் பெற்றிருந்த நடைப்பயிற்சி 26 மாதங்களில் 170 அமர்வுகள். பயிற்சி மட்டும் அவரை எழுப்பவில்லை. பயிற்சியோடு தூண்டலும் சேர்ந்தபோதே எழுந்தார். ‘தளர்ச்சி’ என்ற சொல் இங்கே உண்மைக்கு நெருங்குகிறது, ஆனால் எவ்வளவு விலையில்! ஒரு நோயாளிக்கு ஒரு வேளையில் மூன்று நான்கு பயிற்சியாளர்கள், அதுவும் ஈராண்டுக்கு மேல்.

திருவனந்தபுரத்தில் இந்த இரண்டு ஓடைகளும் இன்று சில கிலோமீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்குவதைத் தவிர்க்க ‘பண்டிகூட்’ இயந்திரத்தைச் செய்து பெயர்பெற்ற அந்நகரின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம், ‘ஜி-கெய்ட்டர்’ என்னும் நடைப்பயிற்சி எந்திரத்தையும் உருவாக்கியது. நகரின் அரசுப் பொது மருத்துவமனையில் அது நிறுவப்பட்டது. மூன்று பேர் கைவலிக்கச் செய்த வேலையை எந்திரம் சலிப்பின்றிச் செய்யும். அரசு மருத்துவமனையில் அது வந்தது என்பது சிறிய செய்தியல்ல.

மற்ற ஓடையும் இந்நகரில்தான். மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் 2003-இல் நிறுவிய பாலியம் இந்தியா, முற்றிய புற்றுநோயாளிகளின் வலி தணிக்கும் அமைப்பாகவே பலருக்கும் தெரியும். கேரளத்தின் வலிதணிப்பு இயக்கம் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, ஊர்த் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் செல்லும் அமைப்பாக வளர்ந்து, 2008-இல் அரசின் கொள்கையாகவே ஆனது. அந்தத் தன்னார்வலர்கள் கதவைத் தட்டியபோது உள்ளே அவர்கள் கண்டவர்கள் புற்றுநோயாளிகள் மட்டுமல்லர். தென்னையிலிருந்தும் கமுகிலிருந்தும் விழுந்தவர்கள், வண்டி மோதியவர்கள், பல ஆண்டுகளாக ஒரே அறையில் கிடந்தவர்கள். படுக்கைப்புண்ணுக்கு மருந்திடவும் சிறுநீர்க் குழாய் மாற்றவும் வேறு யாரும் இல்லாததால் வலிதணிப்புச் செவிலியரே அவர்களையும் ஏற்றுக்கொண்டார்கள். சாகப்போகிறவர்களுக்கென்று உருவான ஏற்பாட்டுக்குள், நாற்பது ஆண்டுகள் வாழக்கூடியவர்கள் வந்து சேர்ந்தார்கள். இது கேரளத்தின் பெருமையும் சங்கடமும் ஒருங்கே. குட்மன் 1944-இல் செய்ததை, அதாவது உயிர்காப்பை, கேரளம் வீட்டுவாசலிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தது; அவர் அதற்கு அடுத்த படியாகச் செய்த பயிற்சிக்கு இடமில்லாமல் இருந்தது. பாலியம் இந்தியா தண்டுவடக் காயமுற்றோருக்கென ஓர் இடைக்கால இல்லம் நடத்தியது அந்த இடைவெளியை உணர்ந்துதான். நாற்காலியை ஓட்டவும், சிறுநீர்ப்பையைத் தாமே பேணவும், ஒரு கைத்தொழிலைக் கற்கவும் அங்கே பயிற்சி. மேரி வர்கீஸ் பெர்த்துக்குச் சென்று தேடிய அதே பாடங்கள்.

ஈழத்திலும் இதையொத்த ஒன்று நடந்தது. அங்கே ‘முள்ளந்தண்டு வடம்’ என்பதே வழக்கு. 2009-இல் முடிந்த போர் வன்னியில் விட்டுச்சென்ற முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் மாங்குளத்தில் ‘உயிரிழை’ என்ற தம் அமைப்பைத் தாமே நடத்துகிறார்கள். எறிகணைச் சிதறலும் மரத்திலிருந்து விழுவதும் ஒரே காயத்தைத் தருகின்றன; மருத்துவமனைக்குப் பிந்தைய வெற்றிடமும் இரண்டு கரைகளிலும் ஒன்றுதான்.

செயல்வழி மறுவாழ்வைப் பற்றித் தமிழில் இப்போது பேசப்படுவது பெரும்பாலும் எந்திரத்தைப் பற்றியே. ‘நடப்பாரா?’ என்ற ஒரே கேள்வியோடு குடும்பங்கள் நகரம் நகரமாக அலைகின்றன. நிலத்தை விற்றுப் பயிற்சிக்குச் செலுத்துகின்றன. அந்தக் கேள்வியைப் பழிப்பதற்கில்லை. ஆனால் தண்டுவடம் கற்பது திரும்பத் திரும்பச் செய்வதால் என்று பூனையும் மனிதரும் ஒரே பாடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் சில மணி நேரம் எந்திரத்தில் நடந்துவிட்டு மீதி நேரமெல்லாம் கட்டிலில் கிடப்பவருக்கு அந்தத் திரும்பத் திரும்ப எங்கிருந்து வரும்? தரையிலிருந்து எழுவது, நின்று அடுப்பைத் தொடுவது, கடைக்குப் போவது எனத் தெருவும் வீடும் தரும் செயல்களிலிருந்துதான் வர வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2019-இல் வெளியிட்ட ‘அரைஸ்’ என்னும் எழுந்து நிற்கவைக்கும் சக்கர நாற்காலி இந்த வகையில் பார்க்கத் தக்கது. அதில் நிற்பது சிகிச்சை அமர்வாக இல்லாமல், உயரத்திலிருக்கும் ஒரு பொருளை எடுப்பதாக ஆகிறது. நவஜீவ நிலையத்தின் தச்சுப் பட்டறைக்கு அது தூரத்து உறவு.

நடைக்கூடங்களில் முன்னேற்றத்தை அளக்கும் வழக்கமான சோதனை 10 மீட்டர் நடை. கிழக்கேகோட்டையில் 2022-இல் திறக்கப்பட்ட நடைமேம்பாலத்தின் நீளம் 104 மீட்டர். படிகளோடு மின்தூக்கியும் உண்டு. அதிலிருந்து இறங்கினால் பேருந்து நிலையம். பழைய பேருந்துகளின் முதற்படி ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் இருக்கிறது.